புள்ளி வரி

மைலோ டின்னுக்குள், துவாலையில் சுற்றி
ஈப்போவிலிருந்து வந்தது முதல் பொட்டலம்.
கொண்டுவந்தவன் வயிரவன், பங்காளி.
"யாரிடமும் சொல்லாதே" என்றதை
எத்தனை பேரிடம் சொன்னானோ.

பத்து நாள் மருந்து முந்நூற்றெண்பது ரிங்கிட்.
இருபதால் பெருக்கினேன், உடனே அழித்தேன்.
செக்காலை ரோட்டில் பைப்பும் வால்வும் விற்கிற கடையில்
கணக்கெழுதுகிறவன் நான்.
அழித்த எண் எத்தனை நாள் கண்ணில் நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.

சீன வைத்தியர் வீடியோவில் வந்தார்.
நாக்கை நீட்டச் சொன்னார்.
கிட்டங்கியில், பசை டப்பாக்களுக்குப் பின்னால்,
நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை
செல்போனுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.
"சிறுநீரகத்தில் நெருப்பு கம்மியாம்" என்றான் வயிரவன்.
சிரித்துக்கொண்டு சொன்னானா தெரியவில்லை,
சிக்னல் விட்டு விட்டு வந்தது.

வேர், பட்டை, மான்கொம்புச் சீவல்,
காய்ந்து சுருண்ட கடல்குதிரை ஒன்று
கேள்விக்குறியைப் போல.
மூன்று டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்ற வேண்டும்.
முகப்பிலிருந்து அடுப்படிவரை
இரண்டு கட்டு வீடு முழுக்க அந்த வாடை.
மூட்டு வலிக்கு என்றேன்.

எதிர்வீட்டு வெள்ளையப்பனுக்கும் மூட்டு வலி.
டம்ளரோடு வந்து நின்றார்.
எழுநூற்று அறுபது ரூபாய்க் கஷாயம்.
இல்லை என்று எப்படிச் சொல்வது?
ஊற்றினேன்.
மறுநாள் தானாக நடந்துவந்து சொன்னார்
"பாதி வலி போயிருச்சப்பா."

மூன்று தவணை. இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு.
மகளின் கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு
ஐந்து மாதம் வரும் அது.
கடைப் பேரேட்டில் எழுத முடியாது.
மனசுக்குள் ஒரு பக்கம் கிழித்து
பற்று மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
வளவு முற்றத்தில் மழை கொட்டிய கொட்டில்
ஓட்டு விளிம்பின் தகரக் குழாய் அறுந்து விழுந்தது.
அந்தச் சத்தத்தில் இருவரும் சிரித்தோம்.
அன்றைக்கு, ஒருமுறை.
விடிந்ததும் இருபத்திரண்டாயிரத்து எண்ணூறை
ஒன்றால் வகுத்தேன்.
மழையின் பங்கைக் கழிக்கவில்லை.

"மூட்டு எப்படி இருக்கு?"
கீரை ஆய்ந்தபடி கேட்டாள் சிகப்பி.
தலை நிமிரவில்லை.
பிறகு தன் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
பால், கேஸ், இட்லி அரிசி,
அதற்குக் கீழே ஆவணியிலிருந்தே
'இவுக மருந்து', 'இவுக மருந்து'.
தொகைகூட சரி, கூரியர் உட்பட.
"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
அதுக்கு ரிங்கிட் வேணாம்."

நான் தூணைப் பார்த்தேன்.
பர்மாவிலிருந்து வந்த மரம். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு
லேபுக்குக் கூட்டிப்போனாள். எண்பது ரூபாய்.
ரத்தத்தில் சர்க்கரை நூற்றெண்பத்தொன்பது.
"ஐயா, இது எத்தனை வருஷமா இருக்கோ" என்றாள் டாக்டர்,
எங்கள் மகளைவிட நாலு வயது மூத்தவள்.
மாத்திரை, நடை, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.
மற்றது என்றபோது
சிகப்பிதான் "சரி" என்றாள், என் வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது
"கடல்குதிரை பாவம்" என்றாள் திடீரென்று.

கோயில் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி,
இருபத்திரண்டு வருஷமாக.
இருவரில் ஒருவர் போனால்தான் அரை.
இந்த நாலு மாசம் நான்
யாரும் சாகாமலே அரைப்புள்ளியாய் இருந்திருக்கிறேன்,
கிட்டங்கியில், நாக்கை நீட்டியபடி.

ராத்திரி நோட்டைத் திறந்து
'இவுக மருந்து' அத்தனையையும் அடித்து
பக்கத்தில் 'புள்ளி வரி' என்று எழுதினாள்.
எழுத்துக் கொஞ்சம் கோணல்.

டின்னில் மீதி ஏழு பொட்டலம்.
என்ன செய்வதென்று யோசிக்கையில்
முகப்பில் செருப்புச் சத்தம், வெள்ளையப்பன்,
கையில் டம்ளர்.

"இந்தத் தடவை காசு வாங்குங்க"
என்றாள் சிகப்பி.